அந்த இரண்டு பக்கங்களில் யாரும் கத்தவில்லை

2001 ஆகஸ்ட் 7, செவ்வாய்க்கிழமை. லாரித் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, திருவொற்றியூரில் ரயிலேறி ராயபுரத்தில் இறங்கினேன். கல்மண்டபத்துக்குப் பக்கத்திலிருந்த அச்சகத்தில் என் மேசையைத் துடைத்தேன், பேனா முனைகளைக் கழுவினேன், மைப்புட்டியை வலப்பக்கம் வைத்தேன். படக்கதைகளில் கையால் வசனம் எழுதுவது என் வேலை.

மேசைமேல், அச்சுத் தகட்டுக்குப் படமெடுக்க மறுநாள் கேமராவுக்குப் போகவேண்டிய புத்தகம் இருந்தது. இலங்கையின் வடகரையை ஒட்டிய ஒரு சின்னத் தீவுக்குள் போர் நுழைந்த கதை. வரைந்தவர் அந்தத் தீவிலிருந்து கைக்குழந்தையோடு தப்பி வந்து, காசிமேட்டில் வாடகைக்குக் குடியிருந்த பெண். அதில் இரண்டு பக்கங்களுக்கு எழுத்தே கிடையாது. இரவில் சிப்பாய்கள் படகில் வந்து இறங்குகிறார்கள். ஊர் பனைகளுக்கு நடுவே பதுங்கியிருக்கிறது. எல்லார் கையும் வாய்மேல் இருக்கிறது.

திங்கட்கிழமை நான் விடுப்பு. இப்போது பார்த்தால், அந்தப் பக்கங்களில் முகத்துக்கு முகம், வேறு கையெழுத்தில் வசனம் எழுதிய வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. 'ஐயோ!' 'காப்பாத்துங்க!' குழந்தையின் தலைக்கு மேல் 'வீல்!'

சீட்டுகளைக் காட்டி முதலாளியிடம் கேட்டேன்.

"நான்தாம்பா ஒட்ட சொன்னேன். ரெண்டு பக்கம் மொட்டையா கீது. வாங்கறவன் எழுத வுட்டுட்டாங்கன்னு தூக்கி அடிப்பான்."

எங்கள் தொழிலின் புத்தி அது. எழுத்தில்லாத கட்டம் எங்களுக்கு விட்டுப்போன கட்டம். கதவு சாத்தினால்கூட 'படார்' போட்டுப் பழகியவர்கள் நாங்கள். ஆனால் இதில் கண்ணைத் திறந்து பார்த்திருந்தாலே போதும். பொத்திய வாயிலிருந்து எப்படி ஐயா 'காப்பாத்துங்க' வரும்?

மத்தியானம் அந்தப் பெண் பக்கங்களைச் சரிபார்க்க வந்தார். சீட்டுகளைப் பார்த்தவர் உட்காரவில்லை.

"அண்ணை, அண்டைக்கு ஒருத்தரும் கத்தேல்லை" என்றார். "கத்தியிருந்தா எங்களைக் கண்டுபிடிச்சிருப்பாங்கள். என்ர பிள்ளையின்ர வாயை நான்தான் பொத்திக்கொண்டிருந்தனான். மூச்சு இருக்கோ எண்டு விடிஞ்சாப் பிறகுதான் பாத்தனான்."

"அதெல்லாம் சரிம்மா," என்றார் முதலாளி. "பட்டாளம் வந்து எறங்குது, ஒரு பொம்பள கூட கூவல. இன்னா கத இது? படிக்கறவன் நம்புவானா?"

"நடந்ததெல்லே அண்ணை."

"நடந்தா இன்னா? புக்குல சவுண்டு வேணும்."

நான் குறுக்கே விழுந்தேன். "வூட்ல திருடன் பூந்தா நீ பரண்மேல ஒளிஞ்சிகினு 'ஐயோ'ன்னு கூவுவியா?"

"நீ ஏன் பேஜாரு பண்ற? இன்னா, அந்தத் தீவுக்கு மாப்ளையா நீ?"

பக்கத்தில் நின்ற அச்சு மெஷின்காரர் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. சீட்டோடு அச்சாவதானால் அந்த இரண்டு பக்கங்களும் புத்தகத்தில் வேண்டாம் என்றார். அவற்றை எடுத்துவிட்டால் கதையில் அந்த ஊர் எப்படிப் பிழைத்தது என்பதே இருக்காது. அது அவருக்கும் தெரியும். முதலாளியோ, "பக்கம் கொறைக்க முடியாது. காலைல பத்து மணிக்குக் கேமராவுக்குப் போவுது, அவ்ளோதான்" என்று எழுந்து போய்விட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் மைப்புட்டியை மூடினேன். வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பை எடுத்து எழுதினேன்: உயிருக்குப் பயந்து வாயை மூடிய ஊரை, கடையில் விற்பதற்காகக் கதற வைக்கிறான். இத்தனை வருடத்தில் அந்த ஆளை நான் அவன் இவன் என்று எழுதியதில்லை. அன்று எழுதினேன்.

மறுநாள் காலை மேசையைத் துடைக்கவில்லை. பஞ்சை வெந்நீரில் நனைத்து, குழந்தையின் தலைக்கு மேலிருந்த சீட்டின்மேல் வைத்து, கோந்து ஊறியதும் பிளேடு முனையால் முதலில் அந்த 'வீலை' உரித்தெடுத்தேன். முதலாளி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லை, அடுத்த சீட்டின்மேல் பஞ்சை வைத்தேன்.