நேற்று நான் வாங்காத மடக்குக்கத்தி

கரும்புத் தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாய் போடுவது என் வேலை. நாள் முழுக்கக் குழாய் அறுக்க வேண்டும். பழைய மடக்குக்கத்தி உடைந்துவிட்டதால் இன்று காலை கச்சிராயபாளையத்தில் ஒரு இரும்புக்கடைக்குப் போனேன். இதற்கு முன் அந்தக் கடைக்குள் நான் கால் வைத்ததே இல்லை.

விலை கம்மியான இரண்டு கத்திகளைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். மரப்பிடி போட்டது கைக்கு அடக்கமாக இருந்தது. அதை விரித்துப் பார்த்தேன்.

"மறுபடியும் அதே மாடலா? கை ஆறிடுச்சுங்களா?" என்றார்.

"இன்னாங்க சொல்றீங்க?"

"நேத்து சாயங்காலம் இதத்தான வாங்கினு போனீங்க. அரை மணி நேரத்துல திரும்பி வந்து, லாக்கு வுட்டுடுச்சுன்னு சத்தம் போட்டீங்க. கட்டவிரல்ல துணி சுத்தியிருந்தீங்க."

"நேத்து நான் சின்னசேலத்துல வேலையில இருந்தங்க."

அவர் என் கட்டைவிரலைப் பார்த்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

விரலைத் தள்ளி வைத்துக்கொண்டு, கத்தியின் முதுகை மேசை விளிம்பில் அழுத்தினேன். விரித்த கத்தியை மடங்காமல் பிடிக்கும் லாக் நழுவியது. கத்தி பட்டென்று மடங்கியது.

அதை வைத்துவிட்டு மற்றதை வாங்கினேன். பிளாஸ்டிக் பிடி, பார்க்க அழகில்லை. ஆனால் எவ்வளவு அழுத்தியும் லாக் அசையவில்லை. இன்று ஒரு தோட்டம் முழுக்க அதை வைத்தே அறுத்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "நேத்து நான் சின்னசேலம்தான போனேன்?" என்று கேட்டேன்.

"போறேன்னு சொல்லிட்டுப் போனீங்க. எனக்கு அதான் தெரியும்" என்றாள்.

நேற்று சாயங்காலம் என்னைப் பார்த்தவர்கள், எந்த ஊரில் பார்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். சின்னசேலம் என்றால் மட்டும் எழுதினால் போதும்.