மேரியில் நான் கேட்ட கேள்வி

எங்கள் வீட்டில் என்னைக் கேட்டு எதுவும் நடந்ததில்லை. ரவிக்கைக்குக் கை எவ்வளவு நீளம் என்பதைக்கூடத் தையல்காரர் என்னை நிற்கவைத்துக்கொண்டு அம்மாவிடம்தான் கேட்பார். கல்யாணமும் அப்படித்தான் முடிவானது. மாப்பிள்ளைக்கு அரியாங்குப்பம், மில்லில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா, "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போவத் தேவையில்ல" என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பாராமலே தலையாட்டினார்.

நான் அப்போது குருசுக்குப்பத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். எல்லாம் மீன்காரர் வீட்டுப் பிள்ளைகள், மணலோடு வந்து மணலோடு போவார்கள். அவர்களைத் தங்கள் பெயரை எழுதவைத்தது நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. அந்த வேலையை நான் நன்றாகச் செய்தேன். அதை ஒருவர் காப்பி குடித்துக்கொண்டே வேண்டாம் என்று சொன்னது மனசில் கிடந்து எரிந்தது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரர்கள் கப்பலேறிவிட்டார்கள், அவர்கள் சட்டம் ஏறவில்லை. மாதா கோயிலில் தாலி கட்டுவதற்கு முன்னால், கடற்கரையில் இருந்த மேரிக்கு, அதாவது நகரசபைக் கட்டடத்துக்குப் போய் அதிகாரி முன்னால் பதிய வேண்டும். அங்கே பெண் வாய்திறந்து சம்மதம் சொல்ல வேண்டும். கோயிலில் என்றால் தலையை ஆட்டினாலே சாமியார் விட்டுவிடுவார். இங்கே குரல் கேட்காமல் பேனா நகராது. "கேட்ட ஒடனே 'வுய்'னு சொல்லிடு, வேற எதுவும் பேசாத" என்று, பிரெஞ்சில் 'ஆமாம்' சொல்ல அம்மா வழியெல்லாம் பாடம் நடத்திக்கொண்டே வந்தாள்.

அதிகாரி பிரெஞ்சில் வாசித்தார். பக்கத்தில் நின்ற குமாஸ்தா தமிழில் கேட்டார்: "இவரைக் கட்டிக்க ஒனக்குச் சம்மதமாம்மா?"

இருபத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒரு கேள்வி என்னிடம் வந்திருக்கிறது. ஒரே வார்த்தையில் அதை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை.

"அவருகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன். மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். "நான் வேலைய விடமாட்டேன். அது தெரிஞ்சுதான் வந்திருக்கீங்களா?"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா தரையைப் பார்த்தார். இதையும் பிரெஞ்சில் சொல்வதா என்று தெரியாமல் குமாஸ்தா விழித்தார். மாப்பிள்ளையின் அம்மா விருட்டென்று எழுந்து, "இந்தச் சம்பந்தமே வேணாம், எந்திரிடா" என்றார். கல்யாணம் நின்றுபோனால் நெல்லித்தோப்பில் எங்கள் தெரு என்னை என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

மாப்பிள்ளை எழவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தன் அம்மாவிடம் சொன்னார்: "போன வாரம் சைக்கிள்ல குருசுக்குப்பம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தேம்மா. முக்கா மணி நேரந்தான் ஆவுது. காலைல நானே கொண்டாந்து உட்டுட்டு, திரும்பி மில்லுக்குப் போயிடறேன்."

குமாஸ்தா மறுபடி கேட்டார். நான் 'வுய்' சொல்லவில்லை. "சம்மதம்" என்றேன், வராந்தாவில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. அந்தக் கர்வம் இன்றுவரை எனக்கு இறங்கவில்லை, இறங்கவும் வேண்டாம்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். மார்க்கெட்டைத் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னையும் அங்கதாண்டி கேட்டாங்க. கேட்டு முடிக்கறதுக்குள்ள சொல்லித் தொலைச்சிட்டேன்" என்றாள். முன்னால் போய்க்கொண்டிருந்த அப்பாவின் முதுகைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மறுபடி ஒருவாட்டி கேப்பாங்களாடி?" என்றாள்.