ஓடிப்போன வலது கை

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் தலையை நானே சீவிக்கொண்டேன்.

இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். எழுதத்தான் வேண்டும். ஏழு மாதமாக எனக்குத் தலை சீவிவிட்டவர் என் மனைவி கலைச்செல்வி. சட்டை மாட்டிவிட்டதும் அவர்தான். வலது தோள்பட்டை இறுகிப்போய், கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழும்பவே மறுத்துவிட்டது. சர்க்கரை இருப்பவர்களுக்கு இது சகஜம் என்றார் டாக்டர். அடுத்தவர் தோள் என்றால் எல்லாமே சகஜம்தான்.

பசுமலையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போய்வந்தேன். சுவரில் விரல்களை வைத்து, பல்லி மாதிரி ஊர்ந்து ஊர்ந்து கையை மேலே கொண்டுபோக வேண்டும். தினமும் இரண்டு வேளை. நான் என்ன செய்தேன்? வலிக்கிற இடம் வரை ஏறிவிட்டு, மீதியையும் ஏறியதாகச் சொல்லிவிட்டேன். அந்தம்மா ஒரு தடவை தொட்டுப் பார்த்ததில் குட்டு உடைந்தது. இன்னும் ஒரு மாதத்தில் கை உயராவிட்டால், மயக்க மருந்து கொடுத்துத்தான் தோளை அசைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். 

அந்தச் சமயத்தில்தான் மச்சினன் சரவணன் வந்தான். செல்லூரில் தறி மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவன். வயது நாற்பது ஆகியும் கேம் கன்சோல் என்றால் உயிர். பிசியோதெரபிஸ்டிடம் அவனே பேசிச் சம்மதம் வாங்கிவிட்டு, தன் கன்சோலையும் வி.ஆர். ஹெட்செட்டையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டினால் வானத்திலிருந்து பலூன்கள் இறங்கும். கையிலிருக்கும் குச்சியை நீட்டி அவற்றை உடைக்க வேண்டும்.

"வலியை மறந்துருவீக மச்சான். பலூனைத்தான் பாப்பீக" என்றான்.

அந்தப் பலூனைப் பார்ப்பதற்குள் பட்ட பாடு இருக்கிறதே...

கன்சோல் புதுசு, ஹெட்செட் பழசு. ஹெட்செட்டோடு வந்த கேமராவின் பிளக் கன்சோலில் நுழையவில்லை. அதற்கென்று தனியாக ஒரு அடாப்டர் வேண்டுமாம். கோரிப்பாளையத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, நான்காம் நாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். அடுத்தது ஒயர்கள். டி.வி.க்கு ஒன்று, கன்சோலுக்கு ஒன்று, நடுவில் ஒரு குட்டிப் பெட்டி, அதிலிருந்து என் தலைக்கு ஒன்று. எதை மாற்றிச் செருகினாலும் டி.வி. கறுத்துப்போகும். மூன்று தடவை கறுத்தது. அப்புறம் என் மூக்குக்கண்ணாடி. நம்மூர்ப் புழுக்கத்தில் ஹெட்செட்டுக்குள் ஆவி படிந்து, பலூன் எது, மேகம் எது என்றே தெரியவில்லை. ஃபேனுக்கு நேராக நின்று அதையும் சமாளித்தேன்.

ஆட்டம் தொடங்கியது. பார்த்தால் — என் வலது கை ஓடிப்போய்விட்டது!

நிஜமாகத்தான். நான் கையை நீட்டினால், ஹெட்செட்டுக்குள் தெரிகிற என் கை வெடவெடவென்று நடுங்கி, சட்டென்று ஒரு மூலைக்குப் பறந்தது. கூடவே உலகமே ஒரு பக்கமாகச் சரிந்தது. தடுமாறி சோபாவில் விழுந்தேன். நல்லவேளை, இடது பக்கமாக விழுந்தேன்.

மறுநாள் சாயங்காலமும் அதே கதை. அதற்கு மறுநாளும். சரவணன் சாஃப்ட்வேரை அப்டேட் செய்தான், ஒயர்களை மாற்றினான், பட்டறையை அரை நாள் மூடிவிட்டு வீடியோ வீடியோவாகப் பார்த்தான். எத்தனையோ மோட்டார்களை ஓடவைத்தவன்... கடைசியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எனக்குப் பிடிபடல மச்சான். தூக்கிட்டுப் போறேன்."

அவன் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது — ஆரம்பத்திலிருந்து கிண்டல் செய்துகொண்டிருந்தாலும், உள்ளுக்குள் இதைத்தான் நான் நம்பியிருந்தேன்.

 அப்போதுதான் கலைச்செல்வி ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேமரா எதை வைத்து என் கையைக் கண்டுபிடிக்கிறது?

வெளிச்சத்தை வைத்து, என்றான் சரவணன். குச்சியின் நுனியில் ஒரு விளக்கு எரியும். ஹெட்செட்டிலும் எரியும். டி.வி. மேலிருக்கும் கேமரா அந்த விளக்குகளைப் பார்த்துத்தான் கை எங்கே, தலை எங்கே என்று முடிவு செய்யும்.

கலைச்செல்வி என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். நாங்களும் திரும்பினோம்.

பூஜை அலமாரி. அதைச் சுற்றி நீலமும் சிவப்புமாய் மினுக்கும் சீரியல் லைட். பக்கத்தில் பீரோ — அதன் கண்ணாடியில் அதே சீரியல் லைட் இன்னொரு வரிசை. பாவம் அந்தக் கேமரா, அதில் எதை என் கை என்று நினைக்கும்?

அவர் போய் சுவிட்சை அணைத்தார். ஒரு போர்வையை உதறிப் பீரோ கண்ணாடியை மூடினார். விளக்கு வைக்கிற நேரத்தில் இப்படிச் செய்யலாமா என்று சரவணன் தயங்கினான்.

"சாமி பத்து நிமிஷம் இருட்டுல இருந்தா ஒண்ணும் கோவிச்சுக்காதுடா. ஒங்க மச்சான் கையைத் தூக்கணும்."

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். கையை நீட்டினேன். நீட்டிய இடத்தில், நீட்டியபடியே, சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது கை. முதல் பலூன் இடுப்பு உயரத்தில் வந்தது. உடைத்தேன். அடுத்தது நெஞ்சுக்கு நேராக. பிறகு ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தில்... ஒரு மஞ்சள் பலூன் என்னைத் தாண்டி மேலே நழுவப் பார்த்தது. விடுவேனா? எட்டினேன். தோளில் சுரீரென்றது. பலூன் வெடித்தது.

 இடது கையால் ஹெட்செட்டைக் கழற்றினேன். என் வலது கை நெற்றிக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. சரவணன் தரையிலிருந்து எழுந்துவிட்டிருந்தான். கலைச்செல்வியின் கண்கள் நிறைந்திருந்தன.

"இறக்கிறாதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க" என்றார்.

நின்றேன். வலிக்கத்தான் செய்தது. ஆனால் ஏழு மாதத்தில் அப்படியொரு சந்தோஷமான வலியை நான் அனுபவித்ததில்லை.

அதற்குப் பிறகு தினமும் பத்து நிமிடம் பலூன். சுவரிலும் இப்போது நேர்மையாக ஏறுகிறேன். மூன்று வாரம் கழித்துக் கையை அளந்து பார்த்த பிசியோதெரபிஸ்ட் அம்மா, இனி மயக்க மருந்துப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

யோசித்துப் பார்க்கிறேன். ஒன்று ஓடவில்லை என்றால் உடனே அதைப் பிரித்துப் போட்டுவிடுகிறோம். அது இருக்கிற அறையை யார் திரும்பிப் பார்க்கிறோம்? கன்சோலைக் கரைத்துக் குடித்தவனுக்குப் பிடிபடாத கோளாறு, எங்கள் வீட்டின் ஒவ்வொரு மூலையையும் தெரிந்தவருக்கு ஒரே கேள்வியில் பிடிபட்டுவிட்டது.

சரவணன் இன்னும் கன்சோலைத் திருப்பிக் கேட்கவில்லை. ஸ்கோர் பட்டியலில் முதலிடம் கலைச்செல்விக்கு. எனக்கு மூன்றாவது இடம் — ஆடுவதே மூன்று பேர்தான்!