குதிரை இல்லாத குகை

பாறைப்பல்லி, 1954–2021. பெற்றோர் இட்ட பெயர் வேறு. அதைச் சொல்லி அழைத்தால் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. பழைய கோட்டையையும் சிற்பக் குகைகளையும் தாங்கி நின்ற பாறைத்தொடரில், சுற்றுலாக் குழுவினரை ஒரு வாரம் நடத்திச் சென்று, காட்ட வேண்டியதைக் காட்டிப் பத்திரமாக இறக்கிவிடுவதே அவர் தொழில். செங்குத்துப் பாறையிலும் உள்ளங்கையை ஒட்டவைத்தாற்போல் ஏறுவார் என்பதால் வந்தது அந்தப் பட்டம்.

அறுபதை நெருங்கும்போது பார்வை மங்கத் தொடங்கியது. முதலில் ஓரங்கள் போயின; பிறகு நடுவிலும் புகை படிந்தது. இனித் திரும்பாது என்று கண் மருத்துவர் கையை விரித்துவிட்டார். செய்தி வீட்டு வாசலைத் தாண்டவில்லை. தாண்டினால் சுற்றுலா நிலைய முதலாளி அன்றே நிறுத்திவிடுவார். அதன்பின் அவரை மலைக்கு அழைத்துப்போக யாருமில்லை.

“போதும், வீட்ல உக்காருங்க” என்றாள் மனைவி.

“உக்காந்து?”

அவள் அவருடைய மலைச் செருப்பை எடுத்து முன்னால் வைத்தாள்.

ஆகவே, குழுக்களுக்குச் சமைத்துப்போட உடன்செல்லும் அவள் தம்பி அவருக்குக் கண்ணானான். முன்னால் நடப்பான், படி வந்தால் கனைப்பான், பாசி வழுக்கும் இடத்தில் பாத்திர மூட்டையை ஒரு தட்டுத் தட்டுவான். மற்றதை அவருடைய பாதங்களே பார்த்துக்கொண்டன.

“கனைச்சுக் கனைச்சுத் தொண்டையே போச்சு அத்தான். எனக்கு ஏதோ நோய்னு ஜனங்க பயப்படுறாங்க.”

“உன் சமையலைச் சாப்பிட்டவங்க இனி எதுக்குடா பயப்படப் போறாங்க?”

2014 மார்ச் முதல் வாரத்தில் வந்தது அந்தப் பருவத்தின் கடைசிக் குழு. கோட்டை மதில், பாறையில் குடைந்த நீர்த்தொட்டி, காவல்மேடு என நான்கு நாட்கள் பழுதில்லாமல் கழிந்தன. ஐந்தாம் நாள் மாலை வங்கி அலுவலர் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. அவரைத் தாங்கி ஊருக்கு இறக்கிவிட மைத்துனனை விட்டால் ஆளில்லை.

“நாளைக்கு ராத்திரிக்குள்ள வந்துடுவேன். அதுவரைக்கும் எல்லாரையும் கூடாரத்திலேயே வெச்சிருங்க அத்தான்.”

“குகைக்குப் போகலன்னா ஏன் எதுக்குன்னு முதலாளி குடைவாரு. அந்த வழி எனக்கு நம்ம வீட்டுக் கூடம் மாதிரிடா. நீ கெளம்பு.”

மறுநாள் அவர் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. குகைக்குள் வழக்கமான இடத்தில் நின்றார். வழக்கம்போல் சுவரை நோக்கிக் கையை உயர்த்தினார்.

“இந்தக் குதிரையோட கண்ணை நல்லாப் பாருங்க. நீங்க எங்க போய் நின்னாலும் அது உங்களையேதான் பாக்கும்.”

ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். “எந்தக் குதிரைங்க?”

குகையே சிரித்தது. “பெரியவருக்கு ரொம்பத்தான் குசும்பு!” என்று யாரோ கைதட்டினார்.

முந்தைய வாரம் தொல்லியல் துறையினர் அந்தக் குதிரைச் சிற்பத்தைக் கற்பலகையோடு பெயர்த்து, பழுதுபார்க்க எடுத்துச் சென்றிருந்தார்கள். எஞ்சியிருந்தது ஒரு பள்ளமும் அதை மூடிய நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்புமே. மைத்துனனுக்கு அது தெரியும்; குகை வாசலில் அவர் காதில் போட்டுவைக்கலாம் என்றிருந்தவன், இறங்கும் அவசரத்தில் மறந்துவிட்டான்.

எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. தாமும் சிரித்துவைத்தார். “பாருங்க, இப்பவும் உங்களைத்தான் பாக்குது” என்றார்.

குழுவில் ஒரு செவிலியர் இருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் வெளியேறியதும் அருகில் வந்து, பாறைப்பல்லியின் கையைப் பிடித்து அந்த விரிப்பின்மேல் வைத்தார். அது சரசரத்தது.

“எவ்வளவு நாளாய்யா இப்படி?”

பாறைப்பல்லி அந்த விரிப்பை ஓரம்வரை தடவிப் பார்த்தார். “யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. நாளைக்கு ஒரு நாள்தான். உச்சிக்கு ஏத்தி இறக்கிட்டா முடிஞ்சுது.”

“நாளைக்குப் போற பாதையில ஒரு பக்கம் பூராவும் பள்ளம். இவங்கள்லாம் புள்ளகுட்டிக்காரங்க. நான் எப்படிய்யா சொல்லாம இருக்கிறது?”

அவர் விரிப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே முதலாளிக்குச் செய்தி போயிற்று. மறுநாள் வேறொரு வழிகாட்டி வந்து குழுவை உச்சிக்கு அழைத்துச் சென்றார். பாறைப்பல்லி அடிவாரத்தில் அவர்களுடைய பைகளுக்குக் காவல் இருந்தார்.

“எல்லாம் என்னாலதான் அத்தான்” என்று மைத்துனன் தேம்பினான்.

“விடுடா. கண்ணு போனவனுக்குக் குதிரை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

அதன்பின் ஏழு ஆண்டுகள் முன்னறை நாற்காலியில் கழிந்தன. முழங்காலில் வெயில் ஏறினால் காலை, இறங்கினால் மாலை. “காலாறக் கொஞ்சம் நடங்களேன்” என்பாள் மனைவி. “எங்க?” என்பார் அவர். அந்தப் பேச்சும் நாளடைவில் நின்றுபோயிற்று.

படுக்கையில் விழுந்த பிறகு, அவருடைய உள்ளங்கை ஓயாமல் பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தது. வழவழவென்று பூசிய சுவர். பிடித்து ஏற அதில் ஒன்றும் இல்லை.

அவர் கடைசியாக ஒரு குழுவை நடத்திச் சென்ற நாள்: 2014 மார்ச் 8, சனிக்கிழமை.