ஜாடிக்கு யார் பணம் கட்டுவது?

அந்த அம்மாவை நான் முதலில் பார்த்தது என் சீனியரின் அலுவலகப் படிக்கட்டில். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வக்கீல் கோட்டை மொட்டை வெயிலிலும் கழற்ற மாட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கோட்டைக் கழட்டுங்க தம்பி, இங்க ஜட்ஜு யாரும் இல்ல" என்றார்.

அவருடைய கணவர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் செய்யும் கம்பெனியில் நார் மூட்டை பிரிக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். நுரையீரலில் அந்த நார் படிந்து, படுத்தால் மூச்சு முட்டும் என்று நாற்காலியிலேயே தூங்கி, நாற்காலியிலேயே போனார். நார்தான் காரணம் என்று நஷ்டஈட்டு வழக்கில் நிரூபிக்க, அவர் நுரையீரலில் ஒரு துண்டு ஜாடியில் தனியார் ஆய்வகத்துக்குப் போயிருந்தது. அறிக்கை வந்துவிட்டது. நுரையீரல் வரவில்லை. கட்டணம் முழுக்கக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள்.

கையெழுத்து வாங்க ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த நாற்காலி சன்னலோரம் இருந்தது, தலையணைகளோடு.

"கேட்டீங்களா, வக்கீல் தம்பி வந்திருக்கு" என்று அதைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்தார். "எப்பவும் இப்படித்தான் தம்பி. வாயைத் திறக்கிறார், சத்தம் வரல. மூச்சை அந்த ஆய்வகத்துல வச்சிட்டு எப்படிப் பேசுவார்?"

குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதுபோலச் சொன்னார். மேல் தலையணையின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல நிமிர்ந்தது, யாரோ தலையை எடுத்ததுபோல. பஞ்சுத் தலையணை அப்படித்தான் என்று படியிறங்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விசாரணை தொடங்கும் முன்பே கம்பெனி சமரசத்துக்கு வந்தது. நல்ல தொகைதான். கூடவே ஒரு வரி: வழக்குச் செலவும் இதிலேயே அடக்கம்.

"அப்ப அந்த ஜாடிக்கு யாருங்கய்யா பணம் கட்டுறது?" என்றார் அம்மா.

"கேஸ் நடந்தா தோத்தவங்க தலையில செலவு விழும்மா. சமரசத்துல தோத்தவங்களே கிடையாது. என்ன எழுதிக்கிறமோ அதுதான்" என்றார் சீனியர். "வர்ற பணத்துல நீங்களே கட்டி வாங்கிக்கலாம்."

"அவர் மூச்சை அவர் காசுலயே நான் மீட்கணுமா? எடுத்தவன் கட்டட்டும்."

"அடம் பிடிக்காதீங்கம்மா. கேஸ் நடந்து தோத்துட்டா அவங்க வக்கீல் செலவும் உங்க தலையில. வீடே போயிரும்."

"போனாப் போகுது. அவர் வந்து நிக்கிறப்ப நான் என்ன பதில் சொல்ல? அதையும் நீங்களே சொல்லிக் குடுங்க."

சீனியர் என்னைப் பார்த்தார். நான் கோட்டுப் பொத்தானைப் பார்த்தேன்.

கடைசியில் கோர்ட்டு வராந்தாவில் கம்பெனி வக்கீல் இறங்கி வந்தார். ஆய்வகக் கட்டணம் உட்பட எல்லாச் செலவையும் கம்பெனியே தனியாகக் கட்டும். ஆனால் நஷ்டஈட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குறைகிற தொகை செலவைவிடப் பெரியது. அம்மா உடனே பேனா கேட்டார்.

"கணக்குப் பார்த்தா உங்களுக்குத்தான் நஷ்டம்மா!" என்று சீனியர் தலையில் கை வைத்தார்.

"கணக்குப் பார்க்கத் தெரிஞ்சிருந்தா அவரை அந்த வேலைக்கே விட்டிருக்க மாட்டேன்."

கம்பெனியின் செக் ஆய்வகத்துக்குப் போனதும் அம்மாவோடு நானும் போனேன். ஊழியர் ஜாடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கலங்கல் தண்ணீரில் சாம்பல் நிறத் துண்டு, ஓரம் வெள்ளையாகத் தடித்திருந்தது. அம்மா ஜாடியில் காதை வைத்துக் கேட்டார். "இருக்கார்" என்றார்.

பஸ்ஸில் கண்டக்டர், "மடியில என்னம்மா லக்கேஜு?" என்றார். அம்மா தனக்கொன்று, ஜாடிக்கொன்று என்று இரண்டு முழு டிக்கெட் வாங்கினார். மறுநாள் கணவரின் சமாதியை ஒட்டிக் குழி வெட்டி அதைப் புதைத்தோம்.

போன வாரம் அந்த வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கும் தையல்காரர் என்னைத் தெருவில் நிறுத்தி, உள் அறையில் அம்மாவோடு எந்நேரமும் வாயாடிக்கொண்டிருக்கும் பெரியவர் யார் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லை.