ஓலிவ் டகெட் ஓட்டும் பஸ்

ஹாரன் மேல் வைத்த உள்ளங்கையை ஓலிவ் டகெட் எடுக்கவில்லை. பண்ணை வீட்டில் முதலில் நாய் குரைக்கிறது. அப்புறம் ஜன்னல் திரை விலகுகிறது. கடைசியில் ஒரு பையன், கோட்டுக்குள் ஒரு கை மட்டும் நுழைந்த நிலையில், வாயில் ரொட்டியோடு ஓடி வருகிறான். அவன் அப்பா மாட்டுக் கொட்டகையிலிருந்து கத்துகிறார்.

“ஏம்மா, உன் சத்தத்துக்கு மாடு பாலை அடக்கிக்குது!”

“மாடு அடக்கிக்கட்டும். நீ பையனை அடக்கி வைக்காதே!”

கனடாவில் ஒண்டாரியோவின் இந்த மண் சாலைகளில், இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருஷங்கள் ஆனதிலிருந்து பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். நாற்பத்தாறு வயது. ஆண்கள் போடும் பூட்ஸ், ராணுவ லாரி ஓட்டிய காலத்துத் தொப்பி. அந்த லாரிக்கு உரிமம் வாங்கத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கவே கற்றுக்கொண்டாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், “ஒரு வீட்டுக்கு உழைச்சுக் கொட்டினது போதும்” என்பாள். போன வருஷம் அவளை வேலையைவிட்டு அனுப்பியும் பார்த்தார்கள். முதல் பனி விழுந்த வாரம் புது ஓட்டுநர் பஸ்ஸை வாய்க்காலில் இறக்கிவிட, அவள் வீட்டு வாசலுக்கே வந்து திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

இறங்கும் குழந்தை “நன்றி மிஸ்” என்றால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “எதுக்கு நன்றி? பஸ் உன்னுது, பள்ளிக்கூடம் உன்னுது. போ, போ.” ஆப்பிள் தொட மாட்டாள். விவரம் தெரியாத புது ஆசிரியை ஒருத்தி ஆசையாக ஒன்றை நீட்டியபோது, வாங்கி ஜன்னல் வழியே எறிந்துவிட்டாள்.

இங்கிலாந்தில் ஓலிவ் வளர்ந்த ‘ஹோம்’ என்ற ஏழைப் பிள்ளைகள் விடுதியில், “கனடாவில் ஆப்பிள் பறித்துத் தின்றுகொண்டே பள்ளிக்கூடம் போவீர்கள்” என்று ஓர் அம்மாள் சொல்லியிருந்தாள். ஓலிவின் அப்பா முதல் உலகப் போரில் செத்தார். அம்மா சால்ஃபோர்டில் துணி துவைத்துப் பிழைத்தவள். நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, “கிறிஸ்துமஸுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போறேன்டி” என்று சொல்லி மகளை ஹோமில் விட்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்பே ஓலிவைக் கப்பலேற்றிவிட்டார்கள்; கனடாவில் ஹேகர்ட் என்பவரின் பண்ணையில் உறைந்த வாளியை உடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

பள்ளிக்கு அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் கிழவர் ஹேகர்ட் அவளை வாங்கினார். ஆம், வாங்கினார், கப்பலில் வந்த பிள்ளைகளை ரயில் நிலையத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், அவர் அவளுடைய கையை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கூட்டிப்போனார். விறகுக் கொட்டகைக்கு மேலே படுக்கை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சத்தில் சாப்பாடு. கிழவரின் மகன் லார்னுக்கும் அவள் வயதுதான். காலையில் அவன் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, பையைச் சாலை வரை சுமந்து கொடுத்துவிட்டு அவள் களத்துக்குத் திரும்புவாள்.

அந்த லார்ன்தான் இப்போது பள்ளிக்கூடக் குழுவின் தலைவர்.

போன வருஷம் அக்டோபரில், உருளைக்கிழங்கு தோண்டும் பருவத்தில், அந்தக் குழு கூடியது. வேலைக்கு நிறுத்திக்கொண்ட பிள்ளைகளை ஹாரன் அடித்தே வெளியே இழுக்கிறாள் என்று பண்ணைக்காரர்கள் புகார் சொன்னார்கள். லார்ன் பெரிய மனிதர் தோரணையில் ஆரம்பித்தார்.

“ஓலிவ், உனக்குக் கொஞ்சம் நன்றி இருக்கணும். அநாதையா வந்த ஹோம் குட்டிக்கு எங்கப்பா சாப்பாடு போட்டார், கூரை கொடுத்தார்.”

அவள் எழுந்து நின்றாள்.

“நான் அநாதை இல்லடா லார்ன். எங்கம்மா உயிரோட இருந்தா. அவ பேரைச் சொன்னா உங்கப்பன் குதிரை வாரால அடிச்சான். நீ படியில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தே. கூரையாம் கூரை! அந்தக் கூரை ஓட்டை வழியா என் போர்வையில பனி விழுந்துதுடா!”

அங்கே இருந்த எல்லோருடைய வீட்டிலும் அப்படி வேலைக்கு வந்த ஒரு ஹோம் பிள்ளையின் பெயர் இருந்தது. இரண்டு பேர் வீட்டுத் தோட்டத்துக்குப் பின்னால், அப்படி ஒரு பிள்ளையைப் புதைத்த இடத்தில் பெயர் எழுதாத கல்லே இருந்தது. லார்ன் தொண்டையைச் செருமிக்கொண்டு முடிவைச் சொன்னார்: இனி ஒருமுறை ஹாரன் அடித்தால் வேலை இல்லை.

மறுநாள் காலை அவருடைய பண்ணையின் முன் பஸ் நின்றது. நகரத்திலிருந்து வளர்ப்புக்கென்று அனுப்பப்பட்ட டோரீன் என்ற சிறுமி அந்த வீட்டில் இருந்தாள். அவளைக் காணோம். ஓலிவ் ஹாரனைத் தொடவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, உழுத சாலில் பூட்ஸ் புதையப் புதைய நடந்தாள்.

டோரீன் குனிந்து கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. டிராக்டரிலிருந்து லார்ன் இறங்கி வந்தார்.

“ஏன்டி பஸ்ஸுக்கு வரல?” என்று ஓலிவ் சிறுமியைக் கேட்டாள்.

“இதை முடிச்சா அடுத்த வாரம் அனுப்பறேன்னு சொல்லியிருக்கார், மிஸ்.”

“எனக்கும் அதையேதான் சொன்னாங்க. நீ போய் பஸ்ல ஏறு.”

“பூட்ஸ் பூரா சேறு...”

“ஏறுன்னா ஏறு!”

சிறுமி லார்னைப் பார்த்தாள், ஓலிவைப் பார்த்தாள், பிறகு ஓடினாள். பஸ்ஸின் ஜன்னல்களில் முகங்கள் அப்பியிருந்தன.

“உன் வேலை போச்சு ஓலிவ்,” என்றார் லார்ன். “புரியுதா? போச்சு.”

டோரீன் விட்டுப் போன கூடையில் பாதி கிழங்கு இருந்தது. ஓலிவ் அதைத் தூக்கி, லார்னின் மார்போடு வைத்து அழுத்தினாள். கீழே விழுந்துவிடாமல் அவர் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.