மோட்டார் போடாத தூரம்

தொடை எலும்பில் கம்பி வைத்துக்கொண்டு நான் வீடு திரும்பியபோது, இனிமேல் நான் எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதை வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். பஸ் ஏறக்கூடாது. குடம் தூக்கக்கூடாது. கடைத்தெருவில் இருக்கும் என் தையல் கடையை மூடிவிட வேண்டும். வீட்டிலேயே உட்கார்ந்து ஹூக் கட்டி, ஓரம் அடித்துக் கொடுத்தால் போதும் என்று அண்ணி சொன்னார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால் உடைந்தவளுக்கு வாயும் உடைந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

உடைந்த கதை பெரிதில்லை. ஆர்.கே.பேட்டையில் ஒரு கல்யாணம். திரும்பி வந்து டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

நான் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். கே.ஜி.கண்டிகைக்குப் போகும் சாலையில், திருத்தணி முடிகிற இடத்தில் அண்ணன் வீடு. அவருக்கு விவசாயம். மாடியில் ஓர் அறை எனக்கு. காலையில் கடைக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவேன். அந்தக் கடை இல்லாவிட்டால் அந்த வீட்டில் நான் யார் என்று எனக்கே தெரியாது. அதனால் கடையை மூட மாட்டேன் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அண்ணன் சலித்துப்போய், சென்னையிலிருந்து ஒரு மடக்கும் பேட்டரி சைக்கிள் வாங்கிவந்து முற்றத்தில் நிறுத்தினார்.

சின்னச் சக்கரம், நடுவில் கீல். முடியாத நாளில் மடக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. சாதாரண மாடல்தான். கைப்பிடியில் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று காட்ட மூன்று சிவப்பு விளக்குகள், அதைக் கூட்டக் குறைக்க இரண்டு பொத்தான்கள், வலது பக்கம் திருகுகிற ஆக்சிலேட்டர். பெடலைக் கொஞ்சம் சுற்றினாலே மோட்டார் இழுத்துக்கொண்டு ஓடும். வாங்கிய உடனே எங்கள் தெருமுனையில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கும் பாய் கடையில் கொடுத்து மூன்று விளக்கும் எரிகிற மாதிரி வைத்துத் தரச் சொல்லியிருந்தார். தங்கச்சி காலுக்கு வேலை வரக்கூடாதாம்.

முதலில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுபடி கடை திறந்தேன். காற்று முகத்தில் அடித்தது. பஸ்ஸுக்காகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் அரசு மருத்துவமனையில் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் என் தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். அந்தப் பக்கத்துச் சதை வற்றிக்கொண்டே போகிறது என்றாள். தினமும் சைக்கிள் மிதிக்கிறேனே என்றேன். எந்தச் சைக்கிள் என்று கேட்டாள். சொன்னதும், நீங்கள் மிதிக்கவில்லை, கால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது என்று சிரிக்காமல் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாக மோட்டாரைக் குறைக்கலாமா என்று கேட்டேன். வலி வந்தால் நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு சரி என்றாள்.

மோட்டார் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. கடையில் தையல் மிஷினுக்கு நானே கேட்டு மோட்டார் மாட்டியவள். அங்கே வேலை துணியில் நடக்கிறது, யார் ஓட்டினாலும் தையல் விழுந்தால் சரி. சைக்கிளில் வேலை என் காலில் நடந்தாக வேண்டும்.

மறுநாள் ஒரு விளக்கை அணைத்தேன். சில வாரம் கழித்து இன்னொன்றை. கடைசி ஒற்றை விளக்கில் வந்து மாட்டிக்கொண்டேன். அதற்குக் கீழே குறைக்க அந்த வண்டியில் வழியில்லை. அந்த ஒற்றை விளக்கிலும் பெடல் அரைச் சுற்று வந்தாலே போதும், வண்டி தானாகப் போனது. நான் அழுத்துகிறேனா, சும்மா காலை வைத்திருக்கிறேனா என்று அதற்குத் தெரியாது. ஒரேயடியாக அணைத்து ஓட்டவோ தைரியம் வரவில்லை.

பாய் கடைக்குப் போனேன். பெடல் சுற்றுவதை மோட்டாருக்குச் சொல்கிற ஒயர் ஒன்று இருக்கிறது, அதைக் கழற்றிவிட்டால் ஆக்சிலேட்டரைத் திருகினால் மட்டும்தான் மோட்டார் வேலை செய்யும் என்றார். வேண்டும்போது திருகிக்கொள்ளலாம், வேண்டாதபோது மிதிக்கலாம். எனக்கு வேண்டியதும் அதுதான். கழற்றிவிடுங்கள் என்றேன். அவர் ஸ்பேனரை எடுக்காமல் போனை எடுத்தார்.

"அண்ணன் ஆண்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன் அக்கா. அவுரு தான் சொல்லிட்டுப் போனாரு."

எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. பஸ்காரன் மேல் கூட அவ்வளவு கோபம் வந்ததில்லை.

"வண்டி என்னுது பாய். காலும் என்னுது. ரெண்டுல எதுக்கு அவரைக் கேக்கணும்?"

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வண்டி கனம், சக்கரம் சின்னது, மோட்டார் இல்லாமல் மிதித்தால் மாட்டு வண்டியை இழுக்கிற மாதிரி இருக்கும், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள் என்று எச்சரித்துவிட்டுத்தான் ஒயரைக் கழற்றினார். முட்டி அதிகம் மடங்காமலிருக்க சீட்டையும் தூக்கி வைத்துக் கொடுத்தார்.

அவர் சொன்னது பொய்யில்லை. முதல் நாள் வீட்டுக்கும் ரயில்வே கேட்டுக்கும் நடுவில் தொடை நெருப்பாக எரிந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே ஆக்சிலேட்டரைத் தேடிப் போயின. திருகினேன். அடுத்த நாள் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளித் திருகினேன். வேர்த்து வழிந்தபடி வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்து அண்ணன் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நைனா இருந்திருந்தால் இப்படி ஆடுவாயா என்று கேட்டார். இறந்துபோன அப்பாவைக் கூப்பிட்டு வந்து என் முன்னால் நிறுத்துவது அவர் வழக்கம். நான் மாடியேறிப் போனேன். அவர் பார்க்கட்டும் என்றே படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலையடிவாரத் தெருவில் ஒரு வீட்டில் காவடி எடுக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்களுக்கு மஞ்சள் பிளவுஸ் தைத்திருந்தேன். காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். ஊரெங்கும் மஞ்சள் துணியும் பம்பைச் சத்தமும். அடிவாரத்துக்குப் போகும் ரோட்டில் தடுப்பு போட்டு பைக்குகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. என்னை மட்டும் கான்ஸ்டபிள் நிறுத்தினார். மோட்டார் வண்டி உள்ளே விடக்கூடாதென்றார். சைக்கிள்தான் என்றேன். பேட்டரி இருக்கிறதே என்றார்.

நான் இறங்கினேன். சாவியைத் திருப்பி, பேட்டரியை உருவி, பிளவுஸ்கள் இருந்த பைக்குள் வைத்தேன்.

"இப்ப சைக்கிள் தானே சார்?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் தடுப்பைக் காலால் நகர்த்தி வழிவிட்டார்.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை முடியாமல் போனால் திருகிக்கொள்ளலாம் என்ற நினைப்பு கையிலேயே இருந்தது. இப்போது திருகினால் ஒன்றும் வராது. ரோடு கண்ணுக்குத் தெரியாத ஏற்றம், காலுக்குத்தான் தெரியும். பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் இறங்கிவிடக்கூடாது என்ற வீம்பில் மிதித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். மூச்சு வாய் வழியாக வந்தது.

திடீரென்று வண்டி இலேசானது. பேட்டரி பையில் அல்லவா இருக்கிறது என்று திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன். ஓரத்தில் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கைய எடு அண்ணா."

"வியுந்துட்டா இன்னா பண்ணுவ?"

"எழுந்துக்குவேன். கைய எடு."

அவர் எடுத்தார். வண்டியின் கனம் முழுவதும் திரும்பி என் தொடைக்கு வந்தது. ஒரு சாய்வு சாய்ந்து நிமிர்ந்தேன். பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. பூக்கடை வரிசை தொடங்குமிடம் வரை மிதித்தேன். அதற்கு மேல் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. இறங்கினேன். யாரோ ஒரு பூக்காரம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டார், உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே போய் பிளவுஸ்களைக் கொடுத்தேன். ஒரு பிளவுஸ் தோளில் இறுக்கம் என்றார்கள், அங்கேயே தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கால் வலித்தது. அண்ணன் அதைவிட அதிக நாள் பேசவில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது பயிற்சி கொடுக்கும் பெண் தொடையைச் சுற்றி நாடா பிடித்துப் பார்த்து, சதை பிடிக்க ஆரம்பித்திருக்கிறது என்றாள். வீட்டில் வந்து சொன்னேன். அண்ணி சந்தோஷப்பட்டார். அண்ணன் பம்ப் செட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். நான் செய்தது சரி என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போதும் விந்தி விந்திதான் நடக்கிறேன், அது போகாது என்று சொல்லிவிட்டார்கள். எதிர்க்காற்று அடிக்கும் நாளில், துணி மூட்டை கனமாக இருந்தால், ஆக்சிலேட்டரைத் திருகிக்கொள்கிறேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. மற்ற நாளெல்லாம் மிதிக்கிறேன். கே.ஜி.கண்டிகை ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதைப் பார்த்தால் பொறுக்காது. பேட்டரி போய்விட்டதா, தள்ளிவிடட்டுமா என்று யாராவது ஒருத்தர் குரல் கொடுப்பார். நான் வண்டியை நிறுத்துவதில்லை.

"பேட்டரி நல்லாத்தான் இருக்குது. நான் தான் போடல."